ஓட்டில் நோய், நீரில் காரணம்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி அதனுள் மீனும் பவளமும் இறாலும் வளர்ப்பது ஒரு காலத்தில் செல்வந்தரின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று ரொறன்ரோ, லண்டன், சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களில் நடுத்தர வருமானமுள்ள தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறைகளிலும் இத்தகைய தொட்டிகளைக் காண முடிகின்றது. அவற்றில் இடம்பிடித்திருக்கும் உயிரினங்களுள் மிக விசித்திரமானது, கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடித்து வைத்துக்கொண்டு வளையின் வாசலில் காத்திருக்கும் ஓர் இறாலினம். அதனைக் கும்பிடு இறால் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றேன். பெயரில்தான் இறால், நாம் சொதிவைக்கும் இறாலுக்கும் இதற்கும் உறவு பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பர் உயிரியலாளர். இதில் ஈட்டி போன்ற காலால் இரையைக் குத்துவனவும் உண்டு, சம்மட்டி போன்ற காலால் நத்தையோட்டை உடைப்பனவும் உண்டு. மயில் நிறம் கொண்ட சம்மட்டி வகையின் அடி செக்கனுக்கு 20 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் விழுகின்றது என அளந்திருக்கின்றார்கள்.

இத்தனை பலம் வாய்ந்த பிராணியை வீழ்த்துவது பெரும்பாலும் அதன் ஓட்டில் தோன்றும் சிறு கரும்புள்ளிதான். "ஓட்டில் கரும்புள்ளி விழுந்திருக்கின்றது, என்ன மருந்து போடலாம்?" என்பதே இதனை வளர்ப்போர் பலரும் கேட்கும் கேள்வி. நம்பி ஊற்றக்கூடிய மருந்து எதுவும் கிடையாது என்பதே நேர்மையான பதில். சீர்செய்ய வேண்டியது நீரை. கேட்பவருக்கு இந்தப் பதில் ஏமாற்றமளிக்கும் என்பதை அறிவேன். ஆயினும் இதனை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவருக்குப் பொருந்தும் இதே பதில், மட்டக்களப்பு வாவிக் கரையிலும் வாகரைக் கடலோரத்திலும் இறால் பண்ணைகளை அமைக்க விரும்புவோருக்கும், அவர்களுக்கு அனுமதி வழங்கும் கதிரைகளில் அமர்ந்திருப்போருக்கும் அப்படியே பொருந்துகின்றது. தொட்டிக்காரர் தவறினால் ஓர் உயிர் போகும். மற்றவர்கள் தவறினால் ஒரு வாவியின் தொழில் போகும்.

முதலில் நோயைப் பார்ப்போம். இறால், நண்டு, சிங்கி இறால், கும்பிடு இறால் ஆகிய எல்லாவற்றின் ஓடும் கைற்றின் என்னும் பொருளும் புரதமும் சேர்ந்து, கல்சியம் காபனேற்றினால் இறுகியது. அதன் வெளிப்புறத்தில் மெழுகுத் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கின்றது. நீரில் எப்போதும் வாழும் பக்றீரியாக்களுள் சில கைற்றினைக் கரைத்து உண்ணும் ஆற்றல் பெற்றவை. மெழுகுப் படலம் சிதையாதவரை அவற்றால் எதுவும் செய்ய இயலாது. கல்லில் உராய்ந்தோ, சண்டையில் காயப்பட்டோ, அழுக்கு நீரில் நாட்பட இருந்தோ அப்படலம் சிதைந்தால் பக்றீரியாக்கள் உள்ளே இறங்கி ஓட்டை அரிக்கத் தொடங்குகின்றன. நாம் காணும் கறுப்பும் கபிலமும் கலந்த நிறம் பக்றீரியாவின் நிறமன்று. காயத்தை அடைப்பதற்காக அப்பிராணியின் உடலே அனுப்பும் மெலனின் என்னும் நிறப்பொருள் அது. ஆகவே கரும்புள்ளியைக் கண்டால், உள்ளே ஒரு போராட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் போராட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பது தோலுரிப்பு. ஓடுடைய இப்பிராணிகள் வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டை அணிகின்றன. அரிப்பு மேலோட்டமாக இருந்தால் பழைய ஓட்டுடன் நோயும் கழன்றுவிடும். அரிப்பு ஓட்டைத் துளைத்து உயிருள்ள தசைவரை சென்றிருந்தால், பழைய ஓடு அந்த இடத்தில் புதிய ஓட்டுடன் ஒட்டிக்கொள்ளும். பிராணி பாதி கழன்ற நிலையில் சிக்கி இறந்துபோகும். ஆக, வளர்ப்பவரின் பணி ஒன்றே. அடுத்த தோலுரிப்புவரை அரிப்பு ஆழமாகாமல் பார்த்துக்கொள்வது.

அதற்குரிய வழிகள் ஆடம்பரமற்றவை. நீரில் அமோனியாவும் நைத்திரைற்றும் சிறிதும் இல்லாதிருக்க வேண்டும். இவற்றை அளக்கும் சோதனைப் பெட்டிகள் தொட்டிக் கடைகளில் கிடைக்கின்றன. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 33 முதல் 35 பங்குவரை நிலையாக இருத்தல் நன்று. நீரை ஒரேயடியாக மாற்றாமல், பத்தில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்காக அடிக்கடி மாற்ற வேண்டும். உண்ணாது விட்ட இரையை அன்றே எடுத்துவிட வேண்டும். மயில்நிறக் கும்பிடு இறால் மங்கலான வெளிச்சத்தில் வளைக்குள் வாழும் பிராணி. பவளத்துக்காகப் பொருத்தப்படும் கூசும் விளக்கின் கீழ் அதனை வைத்தால் ஓட்டு நோய் மிகுகின்றது என்பது நீண்டகாலம் வளர்த்தவர்கள் கண்ட அனுபவம். எனவே விளக்கைக் குறைத்து, அதன் உடல் நீளத்திலும் கூடிய, ஒளி புகாத பிவிசி குழாய்த் துண்டொன்றை வளையாக வைத்துக் கொடுக்கலாம். அது வளை வாசலை அடைத்துக்கொண்டு நாட்கணக்கில் வெளிவராதிருந்தால் தோலுரிக்கின்றது என்று பொருள். அப்போது கிளறவோ, இழுத்து உதவவோ கூடாது. புதிய ஓடு இறுகும்வரை இரைக்கும் அவசரப்படத் தேவையில்லை.

செய்யக் கூடாதவை இவற்றைவிட முக்கியமானவை. மீன் நோய்க்கென விற்கப்படும் செம்பு கலந்த மருந்து முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. மீனைக் குணப்படுத்தும் அதே போத்தல் இறாலைக் கொன்றுவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தொட்டியில் கரைத்தால், அமோனியாவை உண்டு நீரைச் சுத்திகரிக்கும் நல்ல பக்றீரியாக்கள் முதலில் சாகும். அதன் பின் நீர் முன்னையிலும் கெட்டுப்போகும். இவ்வாறு அளவும் காலமும் அறியாது ஊற்றப்படும் மருந்துகளே, மருந்துக்கு அடங்காத கிருமிகளை உருவாக்குகின்றன என்பதை மனித மருத்துவம் நமக்கு ஏற்கெனவே கற்பித்துவிட்டது. கரும்புள்ளியைக் கத்தியாற் சுரண்டுவோரும் உளர். அவர்கள் பக்றீரியாவுக்குப் புதிய வாசலைத் திறந்து கொடுக்கின்றார்கள்.

தொட்டியில் நடப்பது கடலிலும் நடக்கின்றது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்தில், றோட் ஐலண்ட், கனெக்ரிக்கட் மாநிலங்களை அண்டிய கடலில், 1990களின் பிற்பகுதியிலிருந்து சிங்கி இறால்களிடையே ஓட்டு நோய் பெருகியது. முட்டை சுமக்கும் பெண் இறால்கள் நீண்டகாலம் தோலுரிக்காமல் இருப்பதால் அவையே அதிகம் பாதிக்கப்பட்டன. கடல்நீர் சூடேறியதும் அதற்கொரு காரணம் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கடலுக்குள் எந்த மருந்தை ஊற்றுவது? உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தைக் கொண்ட நாட்டிலும் அந்த நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை.

பக்றீரியா தரும் கரும்புள்ளியையாவது அடுத்த தோலுரிப்பை நம்பிச் சமாளிக்கலாம். வைரஸ் தரும் வெண்புள்ளிக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. வெண்புள்ளி நோய் 1992 இல் தாய்வானிலும் சீனாவிலும் அறியப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் ஆசிய இறால் பண்ணைகள் பலவற்றைச் சூறையாடியது. ஓட்டின் உட்புறத்தில் கல்சியம் திரண்டு வெண்ணிறப் புள்ளிகளாகத் தெரியும். நோய் வெளிப்பட்ட மூன்று முதல் பத்து நாட்களுக்குள் ஒரு குளத்தின் இறால் முழுவதும் செத்து மிதக்கக் கூடும். நீரின் காரத்தன்மை மிகுந்தாலும் சில பக்றீரியாக்களாலும் இதனையொத்த புள்ளிகள் தோன்றுவதுண்டு என்பதால், கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. பிசிஆர் பரிசோதனையே உறுதிசெய்யும். இறாலுக்கு நம்மைப் போன்று நோயை நினைவில் வைத்திருந்து எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இல்லை. ஆகையால் நாம் அறிந்த பொருளில் தடுப்பூசியும் இல்லை. இந்த வைரஸ் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

நம் வாவிக்கு இதில் அச்சம் தரும் அம்சம் வேறொன்று. இந்த வைரஸ் இறாலோடு நிற்பதில்லை. நண்டும் சிங்கி இறாலும் இதனைச் சுமக்கின்றன. நம் களப்பு நண்டு தான் சாகாமலே இதனைச் சுமந்து திரியக் கூடியது. 2001 இல் வெளியான இந்திய ஆய்வொன்று கும்பிடு இறால் வகையொன்றிலும் இவ்வைரஸைக் கண்டறிந்தது. அதாவது, பண்ணையில் தோன்றும் நோய் பண்ணை வரம்புக்குள் அடங்கியிருக்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. வாவிக்குள் ஒருமுறை சென்றுவிட்டால் அதனைத் திரும்ப அழைக்கவும் முடியாது.

இப்போது மட்டக்களப்புக்கு வருவோம். இலங்கையில் வணிக நோக்கிலான இறால் வளர்ப்பு தொடங்கியது இங்கேதான் என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. 1970களின் பிற்பகுதியில் பெரிய நிறுவனங்கள் மட்டக்களப்பு வாவியை நாடி வந்தன. அகன்ற வாவி, வெப்பமான உவர்நீர், விலை குறைந்த நிலம், வேலை தேடும் இளைஞர் என எல்லாம் இங்கே இருந்தன. படுவான்கரையில் மகிழடித்தீவை அண்டி அமைந்திருந்த செரண்டிப் இறால் பண்ணை அவற்றுள் ஒன்று. 1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப்படையினர் மேற்கொண்ட நடவடிக்கையின்போது, அப்பண்ணையின் ஊழியர்களும் கிராமத்தவருமாகப் பெருந்தொகையான தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இறால் பண்ணைப் படுகொலை என்றே அது இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அத்துடன் மட்டக்களப்பின் இறால் வளர்ப்புக்கு முற்றுப்புள்ளி விழுந்தது எனலாம். முதலீடு மேற்கே நகர்ந்து சிலாபம், புத்தளம் கரையோரங்களில் நிலைகொண்டது.

அங்கே நடந்தது நமக்கொரு பாடம். சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளையும் அவற்றை இணைக்கும் டச்சுக் கால்வாயையும் சுற்றி வரம்பின்றிப் பண்ணைகள் எழுந்தன. கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. ஒவ்வொரு பண்ணையும் கால்வாயிலிருந்து நீரை எடுத்தது. கழிவையும் அதே கால்வாயில் விட்டது. ஒருவரின் கழிவுநீர் அடுத்தவரின் ஊற்றுநீராயிற்று. தன்னைத் தானே மாசுபடுத்திக்கொள்வதே இத்தொழிலின் பேராபத்து என்று ஆய்வாளர்கள் 1995 இலேயே எழுதிவிட்டனர். 1988-89 இல் ஒரு வைரஸ் நோய் வந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. 1998 இல் மஞ்சட்தலை நோயும் அதனுடன் சேர்ந்துகொண்டது. சிறுமுதலீட்டாளர் பலர் கடனாளிகளாயினர். நெல்லுக்கும் உதவாத, இறாலுக்கும் உதவாத, உப்பேறிய குளங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன.

பட்ட பின்னரே புத்தி வந்தது. பிற்காலத்தில் தேசிய நீரியல் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குளத்துக்கு நீர் ஏற்றலாம் என்று நாட்காட்டி வகுத்தன. குஞ்சுகளை பிசிஆர் பரிசோதனை செய்த பின்னரே குளத்தில் விடும் நடைமுறையும் வந்தது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவற்றுள் எதுவும் மருந்தன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாமே நீரையும் நோயையும் பிரித்து வைக்கும் முயற்சிகள். தொட்டிக்காரரிடம் சொன்ன அதே அறிவுரையைத்தான் ஒரு தொழிற்றுறை பெரும் பொருளை இழந்து கற்றுக்கொண்டது.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்திலும் கதை வேறன்று. நாகப்பட்டினம் கரையோரத்தில் நெல்வயல்களுக்கு நடுவே இறால் குளங்கள் எழுந்து கிணறுகளில் உப்பேறியபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டிப் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறை வலயத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. பண்ணையாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2005 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டம் அத்தீர்ப்பின் கூரை மழுங்கடித்துவிட்டது. ஆனால் சட்டத்தை வளைக்க முடிந்தவர்களால் வைரஸை வளைக்க முடியவில்லை. 1994 இன் இறுதியில் ஆந்திராவிலும் தமிழகத்திலும் புகுந்த வெண்புள்ளி நோய் இன்றும் அங்கே பண்ணையாளரின் உறக்கத்தைக் கெடுக்கின்றது.

செல்வமும் கட்டுப்பாடும் உள்ள நாடென்றால் தப்பலாமா? அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் 2016 இன் இறுதியில் வெண்புள்ளி நோய் தோன்றியது. அரசு பண்ணைக் குளங்களில் குளோரின் கலந்து இறால்களை அழித்தது. இறக்குமதியாகும் பச்சை இறாலுக்கு 2017 ஜனவரியில் தற்காலிகத் தடை விதித்தது. அத்தனை செய்தும், அதே ஆண்டில் மோர்ட்டன் குடாவின் இயற்கை இறால்களிலும் நண்டுகளிலும் வைரஸ் காணப்பட்டது. அது வந்த வழி இன்றுவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. எனினும் வெளிநாட்டிலிருந்து கறிக்கென வந்த உறைந்த பச்சை இறாலைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்தியதே காரணமாகலாம் என்ற ஐயம் வலுவாக எழுந்தது. உறைபனியில் இந்த வைரஸ் சாவதில்லை. கடையில் வாங்கிய பச்சை இறாலைத் தம் வளர்ப்புப் பிராணிக்கு ஊட்டும் அன்பர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். தொட்டியில் இறந்த பிராணியை ஆற்றிலோ களப்பிலோ வீசக் கூடாது. தொட்டி நீரைக் குளோரின் கலந்து ஒரு நாள் வைத்த பின்னரே வெளியேற்ற வேண்டும். மட்டக்களப்பு நகரில் இருப்பவருக்கு இது இருமடங்கு பொருந்தும். இங்கே வடிகான்கள் போய்ச் சேருமிடம் வாவிதான்.

அந்த வாவியின் நிலைமை என்ன? வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலைத் தொட்டு, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் அதனை ஏறக்குறைய நன்னீராக்குகின்றது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட, நீர் தேங்கி உவர்ப்பு மாறுகின்றது. உன்னிச்சை, நவகிரி நீர்ப்பாசனத்தில் விளையும் வயல்களின் உரமும் களைநாசினியும், கல்லோயாப் பக்க வடிகால்களின் எச்சமும் அதில் வந்து சேர்கின்றன. நகரின் கழிவும் சேர்கின்றது. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன என்ற செய்தியைப் பத்திரிகைகள் ஒருமுறையல்லப் பலமுறை வெளியிட்டாகிவிட்டது. ஒட்சிசன் குறைந்தது, வெப்பம் கூடியது, உவர்ப்புத் திடீரென மாறியது என ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் வரும். ஒரு வாரத்தில் செய்தி மறக்கப்படும்.

தொட்டியின் மொழியிற் சொன்னால், நம் வாவி நீரை மாற்றாத, வடிகட்டி பழுதான, எவரும் அளந்து பார்க்காத ஒரு தொட்டி. இத்தகைய தொட்டியில் புதிய பிராணியைக் கொண்டுவந்து விடாதே என்பதே அனுபவமுள்ளவர் சொல்லும் முதல் அறிவுரை. நாமோ குளம் குளமாக விடத் திட்டமிடுகின்றோம்.

வாகரையில் இறால் வளர்ப்புத் திட்டங்கள் பேசப்பட்டபோது, இல்மனைற் அகழ்வையும் சேர்த்து எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கியது அண்மைய ஆண்டுகளின் செய்தி. அபிவிருத்திக்கு எதிரானவர்கள், யாரோ தூண்டிவிட ஆடுகின்றார்கள் என்று அவர்களைக் குறைகூறியோரும் உண்டு. ஒரு தசாப்தமல்ல, மூன்று தசாப்த காலம் போராலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையாலும் அடிபட்ட மக்கள் வேலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பனிச்சங்கேணியிலும் உப்பாற்றிலும் அத்தாங்கு பிடித்தும் வீச்சுவலை எறிந்தும் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தக் களப்பே வங்கி. அதில் நோய் புகுந்தால் பண்ணை முதலாளிக்குக் காப்புறுதி இருக்கலாம், வேறு மாவட்டம் இருக்கலாம், வேறு தொழிலும் இருக்கலாம். அத்தாங்குக்காரருக்கு வேறெதுவும் இல்லை. அவர்களின் அச்சம் அறியாமையில் பிறந்ததன்று. சிலாபத்தில் நடந்ததை அறிந்த எவருக்கும் எழக்கூடிய நியாயமான அச்சமே அது.

மறுபக்க வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவை. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அத்தேவையை மறுப்போர் இல்லை. கிழக்கின் இளைஞர் மத்திய கிழக்குக்குப் புறப்படும் வரிசை நீண்டுகொண்டே போகின்றது. கொல்லப்பட்ட பண்ணைத் தொழிலாளர்களின் ஊரில் மீண்டும் ஒரு பண்ணை எழுவதில் வரலாற்று நியாயமும் இருக்கின்றது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அதில் உண்மை இல்லாமலில்லை. போர் நம் வாவியை நோயிலிருந்து காப்பாற்றியது என்று சொல்லும் கொடூரத்துக்கு நான் உடன்படவும் மாட்டேன். மேற்குக் கரை செழித்த காலத்தில் கிழக்கு இழந்த கூலியையும் வாழ்வையும் எந்தக் கணக்கிலும் இலாபமாக எழுத முடியாது. ஆயினும், தற்செயலாகவேனும் நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கின்றது. பிறர் செய்த தவற்றின் விளைவை முழுமையாகப் பார்த்த பின் முடிவெடுக்கும் வாய்ப்பு அது. அதனை அவசரத்தில் தொலைப்பது மதியீனம்.

எனவே பண்ணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிபந்தனைகள் நிறைவேறாமல் பண்ணை வேண்டாம் என்கின்றேன். நீர் எடுக்கும் வழியும் கழிவு விடும் வழியும் வெவ்வேறாக இருக்க வேண்டும். கழிவுநீர் தங்கித் தெளியும் குளம் இல்லாத பண்ணைக்கு அனுமதி கிடையாது என்பது விதியாக வேண்டும். பரிசோதனைச் சான்றில்லாத ஒரு குஞ்சுகூட மாவட்ட எல்லைக்குள் வரக் கூடாது. நோய் கண்டால் குளத்தின் வாயிலை அடைத்து, குளோரினிட்டு அழித்த பின்னரே நீரைத் திறக்க வேண்டும். இதனை மறைத்து இரவோடிரவாக மதகைத் திறப்பவரின் அனுமதி அன்றே இரத்தாக வேண்டும். அவ்வாறு அழித்த பண்ணையாளருக்கு ஒரு பகுதி இழப்பீடாவது கிடைக்க வேண்டும். நட்டம் முழுவதும் தன் தலையில் விழும் என்று தெரிந்தவன் நோயை மறைக்கவே செய்வான். கண்டல் மரம் ஒன்றையேனும் வெட்டி அமைக்கும் குளம் எதுவும் ஏற்கத்தக்கதன்று. எல்லாவற்றுக்கும் முதலாக, வாவியின் நீரை மாதந்தோறும் பல இடங்களில் அளந்து, முடிவுகளைப் பிரதேச செயலகப் பலகையில் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். அளவுகளை மக்கள் பார்க்கட்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கின்றது. அங்கே விலங்கியல் படித்து வெளியேறும் பிள்ளைகள் வேலைக்காகக் காத்திருக்கின்றார்கள். ஆளில்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையா என்று கேட்கலாம். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் இருக்கின்றது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீரியல் உயிரின வளர்ப்புக்கென்று தனி அதிகார சபையும் இருக்கின்றது. குறைவது சட்டமன்று. அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிடும் கை, பின்னர் மதகடியில் நின்று பார்க்கும் கண்ணாகவும் இருக்க வேண்டும் என்ற பொறுப்புணர்வே குறைகின்றது.

தொட்டி வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள் கடையிலிருந்து கொண்டுவந்த பிராணியை உடனே பெரிய தொட்டியில் விடுவதில்லை. சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில் அவர்கள் இழப்பது பொறுமையை மட்டுமே. வாகரைக்கும் படுவான்கரைக்கும் அந்த அளவு பொறுமையேனும் நம் ஆட்சியாளர்களிடம் கிடைக்க வேண்டும். ஓரிரு மாதிரிப் பண்ணைகளைச் சில பருவங்களுக்கு நடத்தி, வாவியின் நீரும் நண்டும் என்னவாகின்றன என்று அளந்து பார்த்த பின் மிகுதியைப் பேசலாம்.

கண்ணாடித் தொட்டியில் ஓர் உயிர் செத்தால் வேறொன்றை வாங்கிவிடலாம். தொட்டியைக் கழுவிக் காயவைத்து மீண்டும் தொடங்கலாம். மட்டக்களப்பு வாவியைக் கழுவிக் காயவைக்க எவராலும் முடியாது.